நாணலுக்கும் கரும்புக்கும் கலியாணம்!
இந்தியாவின் கரும்பை மாற்றிய சர் டி. எஸ். வெங்கட்ராமன்

தைப் பொங்கல் வந்தால் தேவாரம் கடைவீதியில் கரும்புக் கட்டுகள் வந்து இறங்கும். பருத்த, கருஞ்சிவப்பான கரும்பு. கடித்தால் சாறு ஒழுகும். பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம்!

சீனி ஆலைக்குப் போகும் கரும்பு வேறு. அது பல்லுக்கு எளிதில் இசையாது. ஆனால், உறுதியானது. பொங்கல் கரும்பு தாங்காத கஷ்டங்களை எல்லாம் அது தாங்கும்.

அந்த உறுதி அதற்கு எங்கிருந்து வந்தது?

ஓடைக்கரையில் யாரும் சீந்தாமல் வளர்கிறதே, நாணல்! அதிலிருந்துதான் வந்தது.

கரும்புக்கும் நாணலுக்கும் கலியாணம் செய்து வைத்து, வெளிநாடுகளும் வாங்கிப் பயிரிட்ட கரும்பு ரகங்களை உண்டாக்கியவர் ஒரு தமிழர். அவர்தான் சர் டி. எஸ். வெங்கட்ராமன்.

கப்பலில் வந்த சீனி

கரும்பைப் பிழிந்து வெல்லம் காய்ச்சுவது இந்தியாவுக்குப் பழங்காலத்திலிருந்தே தெரியும். அப்படிப்பட்ட நாட்டுக்கு, சுமார் 100 ஆண்டுகளுக்கு முன் வெள்ளைச் சீனி கப்பலில் வந்து இறங்கியது. டச்சுக்காரர் ஆண்ட ஜாவா தீவிலிருந்து மூட்டை மூட்டையாக வந்தது. நம் பணம் வெளியே போயிற்று.

காரணம் என்ன? இந்தியாவில் கரும்பு அதிகம் விளைந்தது வடக்கே, பஞ்சாப், ஐக்கிய மாகாணம், பீகார் ஆகிய இடங்களில். அங்கே இருந்த கரும்பு நாணல் குச்சிபோல் மெலிந்தது. ஏக்கருக்குக் கிடைக்கும் மகசூல் மிகவும் குறைவு. தெற்கே இருந்த பருத்த கரும்பைக் கொண்டுபோய் நட்டால், வடக்கின் குளிரில் அது கருகிப்போகும்.

விவசாயி பாடுபட்டான். பலன் இல்லை.

சேலத்துப் பிள்ளை

வெங்கட்ராமன் 1884ஆம் ஆண்டில் சேலத்தில் பிறந்தார். கல்லூரிப் படிப்பை முடித்து, சென்னை மாகாண விவசாய இலாகாவில் சேர்ந்தார்.

1912ஆம் ஆண்டில் கோயம்புத்தூரில் கரும்பு ஆராய்ச்சி நிலையம் ஒன்று தொடங்கப்பட்டது. சார்லஸ் பார்பர் என்ற வெள்ளைக்கார விஞ்ஞானி அதன் தலைவர். அவருக்கு உதவியாளராக வந்து சேர்ந்தார் வெங்கட்ராமன். அப்போது அவருக்கு வயது 28.

வடநாட்டுக் கரும்புக்குக் கோயம்புத்தூரில் ஏன் ஆராய்ச்சி? அங்கேதான் கரும்பு தாராளமாகப் பூக்கிறது. முளைக்கும் விதையும் தருகிறது. வடக்கே அப்படி இல்லை.

கரணையும் விதையும்

கரும்புக்கு விதையா என்று கேட்கலாம். விவசாயி கரணையை அல்லவா நடுகிறான்?

உண்மைதான். ஆனால், கரணையிலிருந்து வருவது தாய்க் கரும்பின் மறுபிறவி. தாய் எப்படியோ, பிள்ளையும் அப்படியே. புது ரகம் வேண்டுமானால் கரும்பு பூக்க வேண்டும். விதை பிடிக்க வேண்டும். ஒவ்வொரு விதையும் ஒவ்வொரு குணத்தோடு முளைக்கும். ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள் ஒருவரைப்போல் ஒருவர் இருப்பதில்லை அல்லவா? அதைப்போலத்தான்.

கரும்பு விதை மிகமிகச் சிறியது. பஞ்சுபோன்ற இழைகளோடு ஒட்டிக்கொண்டிருக்கும். ஊதினால் பறந்துவிடும். அதைச் சட்டியில் விதைத்து, ஈரம் காயாமல் காத்து, புல்லைப்போல் முளைக்கும் நாற்றை வளர்க்க வேண்டும். ஆயிரக்கணக்கான நாற்றுகளில் ஒன்றிரண்டுதான் தேறும். மற்றவற்றைக் கழித்துவிட வேண்டும். பொறுமை இல்லாதவருக்கு அந்த வேலை ஆகாது!

நாணலைத் தேடினார்கள்

தெற்கத்தி வெள்ளைக் கரும்பில் இனிப்பு உண்டு, பருமன் உண்டு, உறுதி இல்லை. நாணலில் இனிப்பு இல்லை. ஆனால், வறட்சியோ வெள்ளமோ எதற்கும் அது அஞ்சாது. இரண்டின் நல்ல குணமும் ஒரே செடியில் சேர்ந்தால்?

பார்பரும் வெங்கட்ராமனும் துணிந்தார்கள். வெள்ளைக் கரும்பின் பூவில் நல்ல மகரந்தம் இருக்காது. ஆகவே அதைத் தாயாக வைத்தார்கள். கோயம்புத்தூரில் வளர்ந்த நாணலின் மகரந்தத்தை அந்தப் பூவில் சேர்த்தார்கள். நாணல் தகப்பன் ஆயிற்று!

1912இல் நடந்த அந்தக் கலப்பில் பிறந்த ரகத்துக்கு 'கோ 205' என்று பெயர் வைத்தார்கள். 'கோ' என்றால் கோயம்புத்தூர்.

1918இல் அந்தக் கரும்பு பஞ்சாப் விவசாயிகளுக்கு வழங்கப்பட்டது. உள்ளூர்க் கரும்பைவிட ஏறக்குறைய ஒன்றரை மடங்கு விளைந்தது! களை என்று வெட்டி எறியப்பட்ட நாணல், ஏழை விவசாயியின் வயலில் பணமாக நின்றது.

கடல் கடந்தது

1919இல் பார்பர் விலகினார். ஆராய்ச்சிப் பொறுப்பு வெங்கட்ராமனுக்கு வந்தது. 1942 வரை அவர் அந்தப் பதவியில் இருந்தார். பீகாருக்கு ஒரு ரகம், ஐக்கிய மாகாணத்துக்கு ஒரு ரகம் என்று வரிசையாகப் புதுக் கரும்புகள் வந்தன.

1932இல் சர்க்கார் வெளிநாட்டுச் சீனிக்குப் பாதுகாப்பு வரி போட்டது. இந்தியாவில் சுமார் 30 ஆக இருந்த சீனி ஆலைகள், ஐந்தே ஆண்டுகளில் 130க்கு மேல் பெருகின. வரி மட்டும் இருந்து பயன் என்ன? ஆலைக்குக் கரும்பு வேண்டுமே! அதைக் கோயம்புத்தூர் ரகங்கள் தந்தன. ஜாவா சீனி வரவு படுத்துவிட்டது.

கோ 281, கோ 290 ஆகிய ரகங்கள் கடல் கடந்தும் போயின. அமெரிக்காவிலும் தென்னாப்பிரிக்காவிலும் நம் ஊர்க் கரும்பு விளைந்தது. 1933இல் வந்த கோ 419 தென்னிந்தியாவில் பல ஆண்டுகள் கொடிகட்டிப் பறந்தது. அதன் தாய் ஜாவாவின் புகழ்பெற்ற கரும்பு. தகப்பன் கோயம்புத்தூரின் கோ 290. போட்டிக்காரரின் சரக்கு என்று அவர் ஒதுக்கவில்லை. நல்லது எங்கே இருந்தாலும் எடுத்துக்கொண்டார்.

கரும்பைச் சோளத்தோடு சேர்த்துப் பார்த்தார். சீக்கிரம் முற்றும் கரும்பு கிடைக்காதா என்ற ஆசை! மூங்கிலோடும் சேர்த்துப் பார்த்தார். விஞ்ஞானிகள் வியந்தார்கள். ஆனால், அவை விவசாயியின் வயலுக்கு வந்து நிலைக்கவில்லை.

வந்தது செவ்வழுகல்

வெற்றிக்கு நடுவே ஓர் அடியும் விழுந்தது. கோ 213 என்ற ரகம் வடக்கே எங்கு பார்த்தாலும் பரவியிருந்தது. 1930களின் கடைசியில் அதைச் செவ்வழுகல் நோய் தாக்கியது. கரும்பின் உள்ளே சிவந்து அழுகிப்போகும் நோய் அது. கரணையோடு சேர்ந்தே பரவும். பீகாரிலும் ஐக்கிய மாகாணத்திலும் வயல் வயலாகக் கரும்பு நாசமாயிற்று.

ஒரே ரகத்தை ஊரெல்லாம் நட்டால், ஒரே நோய் ஊரெல்லாம் அழிக்கும். எந்த ரகமும் நிரந்தரம் அல்ல. அடுத்த ரகம் எப்போதும் தயாராக இருக்க வேண்டும். இந்தப் பாடத்தைக் கற்க விவசாயி கொடுத்த விலை அதிகம்.

மறையாத பெயர்

1937இல் இந்திய விஞ்ஞான காங்கிரசுக்கு வெங்கட்ராமன் தலைமை வகித்தார். பெரிய விஞ்ஞானிகள் கூடிய அந்தச் சபையில், அவர் எடுத்துக்கொண்ட பொருள் இந்திய கிராமம்! 1942இல் அவருக்கு சர் பட்டம் கிடைத்தது. சுதந்திர இந்தியா 1956இல் பத்மபூஷண் விருது அளித்தது. 1963இல் அவர் காலமானார்.

அவர் வளர்த்த நிலையம் இன்றும் கோயம்புத்தூரில் இருக்கிறது. தமிழ்நாட்டில் பல ஆண்டுகளாகப் பரவலாக நடப்படும் கோ 86032 அங்கே பிறந்ததுதான். வடக்கே பெரும் வெற்றி பெற்ற கோ 0238 ரகத்தைப் பிற்காலத்தில் அதே செவ்வழுகல் பிடித்தது. அவர் தொடங்கிய வேலை இன்னும் முடியவில்லை.

கம்பம் பள்ளத்தாக்கில் ஓடைக்கரையோரம் போகும்போது, வெள்ளைப் பூவோடு தலையாட்டும் நாணலைப் பார்த்தால் அற்பமாக நினைக்க வேண்டாம்.

காலையில் குடித்த காப்பியில் இருந்த இனிப்புக்கு அதுவும் உறவு!