மரம் கல்லானது எப்படி? கல்மரத்தில் காட்டைப் படித்த பீர்பால் சாஹ்னியின் கதை!

விழுப்புரம் மாவட்டம் திருவக்கரை கல்மரப் பூங்காவுக்குப் போறவங்க எல்லாரும் செய்ற முதல் வேலை ஒண்ணுதான். தரையில் கிடக்கும் கட்டையைக் குனிந்து தட்டிப் பார்ப்பாங்க. கண்ணுக்கு மரம், கைக்குக் கல்!

இந்த மாதிரி கற்களை வேடிக்கைப் பொருளாகப் பார்க்காமல், பழங்காலக் காட்டின் ஆவணமாகப் படித்துக் காட்டியவர் பீர்பால் சாஹ்னி.

யார் இவர்?

1891 நவம்பர் 14-ம் தேதி, இன்று பாகிஸ்தானில் இருக்கும் பேரா என்ற ஊரில் பிறந்தார். அப்பா ருச்சி ராம் சாஹ்னி, லாகூரில் வேதியியல் பேராசிரியர். லாகூரில் பட்டம் முடித்த பீர்பால் கேம்பிரிட்ஜ் போனார். அங்கே தொல்தாவரவியலில் பெரிய பெயரான சீவர்டிடம் பயிற்சி. 1919-ல் லண்டன் பல்கலைக்கழகத்தில் டி.எஸ்சி. பட்டம்.

அதன்பின் இந்தியா திரும்பியவர், 1921-ல் லக்னோ பல்கலைக்கழகத் தாவரவியல் துறையின் முதல் பேராசிரியர் ஆனார். கடைசி வரை லக்னோதான் அவர் ஊர். 1936-ல் லண்டன் ராயல் சொசைட்டியின் உறுப்பினராகத் தேர்வானார்.

மரம் எப்படி கல்லாகிறது?

சாதாரணமா கீழே விழுந்த மரம் மட்கிப் போயிடும். ஆனா வெள்ளத்தில் அடித்து வரப்பட்டு, மணலும் சேறும் சட்டென மூடிவிட்டால் காற்று உள்ளே போகாது, மட்குவதும் குறையும். நிலத்தடி நீரில் கரைந்திருக்கும் சிலிகா மரத்துக்குள் ஊறி, ஒவ்வொரு செல்லிலும் கொஞ்சம் கொஞ்சமாகப் படியும். காலப்போக்கில் மரம் கல்லாகிவிடும். உள்ளமைப்பு மட்டும் அப்படியே இருக்கும்.

சாஹ்னிக்கு வேண்டியது அந்த உள்ளமைப்புதான். கல்லை மெல்லிய சீவலாக அறுத்து, வெளிச்சம் ஊடுருவும் அளவுக்குத் தேய்த்து, மைக்ராஸ்கோப்பில் வைப்பாங்க. தண்ணீர் ஏறிய குழல்களின் அமைப்பு, அது ஊசியிலை மரமா, அகன்ற இலை மரமா என்று காட்டிக்கொடுக்கும். வளையங்கள் தெளிவாக இருந்தால் பருவம் மாறி மாறி வந்த காலம். வளையமே சரியாகத் தெரியலைன்னா, ஆண்டு முழுக்க ஒரே மாதிரி வளர்ந்த மரமாக இருக்கலாம்.

ஜார்கண்டின் ராஜ்மகால் மலைக் கற்களில் தண்டு, இலை, விதை எல்லாம் தனித்தனியாகக் கிடந்தன. அவை ஒரே தாவர வகையின் பாகங்கள் என்று பொருத்திக் காட்டி, 1948-ல் பென்டாக்சிலான் குழுவை உலகத்துக்கு விளக்கினார் சாஹ்னி.

தமிழ்நாட்டுக்கும் அவருக்கும் என்ன தொடர்பு?

திருவக்கரையில் 200-க்கும் மேற்பட்ட கல்மரங்கள் கிடக்கின்றன. வயது சுமார் 2 கோடி ஆண்டுகள். கிளையும் இல்லை, வேரும் இல்லை. அப்படின்னா அவை நின்ற இடத்தில் கல்லானவை அல்ல, எங்கிருந்தோ ஆறு உருட்டி வந்தவை. அங்கே கிடைத்த ஒரு ஊசியிலை மரத்துக்கு 19-ம் நூற்றாண்டிலேயே ஐரோப்பியர்கள் பெயர் வைத்திருந்தாங்க. இந்தியக் கல்மரங்களை மறுபடியும் ஆராய்ந்த சாஹ்னி, 1931-ல் அதைப் பொடோகார்ப் குடும்பத்தை ஒத்த மரவகையில் சேர்த்தார்.

பின்னால் வந்த ஆய்வாளர்கள் இதே பகுதியின் கல்மரங்களில் ஈரக்காட்டு மரக் குடும்பங்களையும் கண்டுபிடித்தாங்க. இன்று வறண்டு கிடக்கும் செம்மண் மேட்டுக்குப் பக்கத்தில் ஒரு காலத்தில் அடர்ந்த மழைக்காடு இருந்திருக்கிறது.

ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் மலையில் கல்மரம் கிடைக்குமா?

வாய்ப்பில்லை. அய்யனார் கோவில் பக்கமும் செண்பகத்தோப்பு பக்கமும் தெரியும் மலைகள், பூமியின் ஆழத்தில் கடும் வெப்பத்தில் உருவான பாறைகள். வயது 50 கோடி ஆண்டுகளுக்கும் மேல். பூமியில் மரங்கள் தோன்றியதே 40 கோடி ஆண்டுகளுக்கு உள்ளேதான்.

ஆனா வேறொரு சொத்து மேற்குத் தொடர்ச்சி மலையில் இருக்கு. திருவக்கரையில் கல்லாகிப் போன குடும்பங்களின் உறவு மரங்கள் இந்த மலைத்தொடரின் ஈரக்காடுகளில் இன்றும் உயிரோடு நிற்கின்றன. தென்னிந்தியாவின் ஒரே இயல்பான ஊசியிலை இனமே ஒரு பொடோகார்ப்தான். சமவெளியில் அழிந்த காட்டின் மிச்சம் மலையில் ஒதுங்கியிருக்கிறது. அதுவும் போனால், படிக்கக் கல் மட்டும்தான் இருக்கும்.

ஒரே வாரத்தில் முடிந்த கனவு

தொல்தாவரங்களுக்கென்றே தனி ஆய்வு நிறுவனம் வேண்டும் என்பது சாஹ்னியின் ஆசை. 1946-ல் அவரும் மனைவி சாவித்திரியும் சொத்து, புத்தகங்கள், சேகரித்த கற்கள் எல்லாவற்றையும் அதற்கே எழுதி வைத்தாங்க. 1949 ஏப்ரல் 3-ம் தேதி பிரதமர் நேரு அடிக்கல் நாட்டினார். அந்த அடிக்கல்லிலும் தொல்லுயிர்க் கற்களைப் பதித்திருந்தார் சாஹ்னி.

ஏப்ரல் 10-ம் தேதி மாரடைப்பால் இறந்தார். வயது 57.

கட்டடம் எழும்பவே இல்லை, கட்ட நினைத்தவர் இல்லை. பொறுப்பைத் தோளில் ஏற்றவர் சாவித்திரி. நிறுவனத்தைத் தலைமையேற்று நடத்தி, கணவரின் கனவைக் கட்டடமாக்கினார். 1969-ல் அவருக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது. பீர்பால் சாஹ்னி பெயரில் அந்த நிறுவனம் இன்றும் லக்னோவில் இயங்குகிறது.

அடுத்த முறை திருவக்கரைக்கோ, பெரம்பலூர் மாவட்டம் சாத்தனூரில் இருக்கும் 18 மீட்டர் நீளக் கல்மரத்தைப் பார்க்கவோ போனால், தாராளமாகத் தட்டிப் பாருங்க. ஞாபகத்துக்குன்னு ஒரு துண்டை மட்டும் பையில் போட்டுக்காதீங்க. அது பழங்காலக் காட்டின் ஒரு பக்கம். கிழித்தால் மறுபடி எழுத முடியாது.