மலைநாட்டு அருவியில் மின்சாரம் கண்ட எஞ்சினீயர் விமலசுரேந்திரா

நமது செலாயாங்கிலிருந்து வடக்கே செல்லும் சாலையில் உள்ள ராவாங்கில், 1894-ஆம் ஆண்டிலேயே மின்சார யந்திரம் ஓடியது. லோக் இயூவும் தம்புசாமிப் பிள்ளையும் தங்கள் ஈயச் சுரங்கத்து நீரை இறைக்க அதை நிறுவினர். தேவை கண்ணெதிரே இருந்தது; முதல் போட்டார்கள். ஆனால் ஒரு நாடு முழுவதற்கும் மின்சாரம் வேண்டுமானால், வாங்குவோர் வருமுன்பே திட்டம் போட்டாக வேண்டும். அதற்காக வாழ்நாளெல்லாம் வாதாடிய இலங்கை எஞ்சினீயர் டி. ஜே. விமலசுரேந்திராவின் வரலாற்றை வாசக அன்பர்கள் முன் வைக்கிறோம்.

அன்னார் 1874-ஆம் ஆண்டில் காலி நகரையடுத்துப் பிறந்தார். தந்தையார் பெயர் பெற்ற கைவினைஞர். கொழும்பு ஆனந்தா கல்லூரியில் பயின்றபின், 1896-ல் பொதுவேலை இலாகாவில் சாதாரண மேற்பார்வையாளராகச் சேர்ந்தார். மலைநாட்டில் பொன் கிடைக்குமா என்று பார்த்துவரும் பணி அவரிடம் ஒப்படைக்கப்பட்டது. களனி கங்கையின் தலையாறுகளான கெஹெல்கமு ஓயாவையும் மஸ்கெலி ஓயாவையும் சுற்றிவந்தபோது, பொன்னைவிடப் பெரிய செல்வம் அவர் கண்ணில் பட்டது. அபர்டீன், லக்ஷபான அருவிகளாகக் கீழே கொட்டும் நீரே அது.

1912-ல் நானுஓயாவுக்கும் நுவரெலியாவுக்கும் இடையே பிளாக்பூல் என்னுமிடத்தில் சிறு நீர்மின் நிலையம் அமைத்து, நுவரெலியாவுக்கு ஒளி தந்தார். 1918-ல் இலங்கை எஞ்சினீயர்கள் சங்கத்தில் நீர்மின்சக்தியின் வரவு செலவை ஆராய்ந்து ஒரு கட்டுரை படித்தார். நிலக்கரியும் எண்ணெயும் வெளிநாட்டிலிருந்து வந்து இறங்கும் சரக்கு. வாங்க வாங்கப் பணம் வெளியே போகும். அருவிக்கோ ஆரம்பச் செலவுதான் பெரிது. பிறகு மழையே எரிபொருள். வர்த்தகரான நமக்கு இக்கணக்கு எளிதில் விளங்கும்.

இவ்வளவு மின்சாரத்தை யார் வாங்குவார் என்பதே அன்று எழுந்த ஆட்சேபம். மின்சாரம் மலிவாகக் கிடைத்தால்தான் ஆலைகள் பிறக்கும், ஆலைகள் பிறந்தால் வாங்குவோர் பெருகுவர் என்பது அன்னாரின் கட்சி. 1920-களில் லக்ஷபானத் திட்டத்தின் வேலை தொடங்கியது. ஆனால் நீடிக்கவில்லை, நின்றுபோயிற்று. அவர் மனந்தளரவில்லை. உத்தியோகத்தை விட்டு விலகி, 1931-ல் இரத்தினபுரித் தொகுதியிலிருந்து அரசாங்க சபைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். இலாகாவில் எடுபடாத வழக்கைச் சபையில் எடுத்துரைத்தார்.

பின்னர் இரண்டாம் உலக யுத்தமும் குறுக்கிட்டது. இறுதியில் 1950-ல் லக்ஷபான மின்நிலையம் 25,000 கிலோவாட் சக்தியுடன் இயங்கலாயிற்று. கட்டுரை படித்து 32 ஆண்டுகள் கழிந்திருந்தன. மூன்றாண்டுகளுக்குப்பின், 1953 ஆகஸ்டில், அன்னார் காலமானார். 1965-ல் நோர்ட்டன் பிரிட்ஜில் இயங்கத் தொடங்கிய 50,000 கிலோவாட் நிலையம் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

அந்த 32 ஆண்டுகளில் அருவி நீர் வீணே கடலுக்குப் போயிற்று. எரிபொருளுக்கான பணமும் கடல் கடந்து போயிற்று. தாமதத்தின் நட்டம் எந்தப் பேரேட்டிலும் ஏறுவதில்லை. ஆயினும் நாடு அதைக் கொடுத்தே தீர்க்கிறது. அதை முன்கூட்டியே கணக்கிட்டுச் சொன்ன பெருமை விமலசுரேந்திராவுக்கு உரியது.