ஊசியும் நூலும் வளர்த்த கண்ணியம்: ரோசா பார்க்ஸ் அம்மையார்

அமெரிக்க நாட்டின் நிறவெறி எதிர்ப்பு வரலாற்றில் ரோசா பார்க்ஸ் அம்மையாரின் பெயரை அறியாதார் அரிது. ஆயினும், பேருந்தில் இருக்கையை விட்டு எழ மறுத்த பெண்மணி என்ற அளவிலேயே பலரும் அவரை அறிவர். தம் உடையைத் தாமே தைத்து உடுத்தியவர், அக்கைத்தொழிலை இளமை முதல் நேசித்தவர், அதனாலேயே குடும்பத்தைத் தாங்கியவர் என்பது பரவலாக அறியப்படாத செய்தியாகும்.

அம்மையார் 1913ஆம் ஆண்டு பிப்ரவரி 4ஆம் நாள் அலபாமா மாநிலம் டஸ்கிகீ நகரில் பிறந்தார். தந்தை தச்சர்; தாய் பள்ளி ஆசிரியை. பெற்றோர் பிரிந்தமையால் பைன் லெவல் என்னும் சிற்றூரில் பாட்டனார் வீட்டில் வளர்ந்தார். தாயும் பாட்டியும் துண்டுத் துணிகளை இணைத்துப் போர்வை தைப்பது வழக்கம். அவர்கள் அருகில் அமர்ந்து ஆறு வயதிலேயே ஊசி பிடித்த சிறுமி, பத்து வயதில் ஒரு முழுப் போர்வையைத் தாமே தைத்து முடித்தார். பின்னர் மான்ட்கமரி நகரில் பெண்களுக்கான தொழிற்பள்ளியில் சேர்ந்து தையலை முறையாகக் கற்றார். பதினொரு வயதளவில் தமக்கென முதல் உடையைத் தைத்து அணிந்தார்.

அக்காலத்தில் தென் மாநிலங்களின் பல கடைகளில் கறுப்பினத்தார் துணியை உடுத்திப் பார்த்து வாங்க அனுமதி இல்லை. பணம் கொடுத்து வாங்கும் இடத்திலும் அவமதிப்பே கிடைத்தது. தன் கையால் அளவெடுத்து, வெட்டி, தைத்து உடுத்தும் பெண்ணுக்கோ எவர் தயவும் தேவைப்படவில்லை. அம்மையாரின் தையலில் சிக்கனம் மட்டுமன்றித் தன்மானமும் இருந்தது.

பாட்டியும், அவருக்குப்பின் தாயும் நோயுற்றதால் படிப்பை இடையில் நிறுத்தி, சட்டை தைக்கும் தொழிற்சாலையில் வேலை செய்தார். 1932இல் முடிதிருத்தும் தொழிலாளரான ரேமண்ட் பார்க்ஸை மணந்தார். கணவரின் ஊக்கத்தால் 1933இல் உயர்நிலைப் பள்ளிப் படிப்பை நிறைவு செய்தார். 1943இல் கறுப்பின மக்களின் உரிமைக்காகப் பாடுபட்ட சங்கத்தின் மான்ட்கமரி கிளைச் செயலாளரானார். பகலில் தையல், மாலையில் சமுதாயப் பணி என ஆண்டுகள் கழிந்தன.

1955 டிசம்பர் 1, வியாழக்கிழமை. மான்ட்கமரி ஃபேர் என்னும் பெருங்கடையின் தையல் பிரிவில் வேலை முடித்துப் பேருந்தில் வீடு திரும்பினார். வெள்ளையர் ஒருவருக்காக அவ்வரிசையில் இருந்த நால்வரையும் எழும்படி ஓட்டுநர் பணித்தார். மூவர் எழுந்தனர், அம்மையார் எழவில்லை. உடல் களைப்பால் எழவில்லை என்று பிற்காலத்தில் பரவிய கதையை அவரே மறுத்துள்ளார். காலமெல்லாம் பணிந்து போனதே அவரைச் சலிப்புறச் செய்திருந்தது. கைது செய்யப்பட்ட அவருக்கு நீதிமன்றம் அபராதமும் செலவுமாக 14 டாலர் விதித்தது. அதனைத் தொடர்ந்து கறுப்பின மக்கள் 381 நாட்கள் பேருந்தைப் புறக்கணித்தனர். 1956இல் நாட்டின் உச்ச நீதிமன்றம் பேருந்துகளில் நிறப் பாகுபாடு செல்லாது எனத் தீர்ப்பளித்தது.

வெற்றியின் விலையை அக்குடும்பமே செலுத்திற்று. சில வாரங்களிலேயே அம்மையாரின் வேலை போயிற்று. கணவரும் தம் வேலையை இழந்தார். மிரட்டல்கள் ஓயவில்லை. வறுமை சூழ்ந்த அந்நாட்களில் வீட்டிலிருந்தே தைத்துக் கொடுத்து ஓரளவு சமாளித்தார். 1957இல் ஊரை விட்டுப் புறப்பட்டு டெட்ராய்ட் நகரில் குடியேறிய பின்னரும் தையல் கூடத்தில் உழைத்தார். 1965இல் நாடாளுமன்ற உறுப்பினர் ஜான் கான்யர்ஸ் தம் அலுவலகத்தில் பணி அளிக்கும் வரை ஊசியே அவருக்கு உற்ற துணை.

2005 அக்டோபர் 24ஆம் நாள் தமது 92ஆம் வயதில் அம்மையார் மறைந்தார். நாடாளுமன்றக் கட்டடத்தின் நடு மண்டபத்தில் உடல் வைக்கப்பட்டு மரியாதை பெற்ற முதல் பெண்மணி அவரே. கைதாவதற்குச் சற்று முன்னர் அவர் தைத்துக்கொண்டிருந்த பூப்போட்ட உடை, வாஷிங்டன் நகரின் ஆப்பிரிக்க அமெரிக்க வரலாற்று அருங்காட்சியகத்தில் காக்கப்படுகிறது.

நம் ஜமாஅத்துகள் ஆதரவற்ற பெண்களுக்குத் தையல் இயந்திரம் வழங்குவதைக் காண்கிறோம். அதனைப் பிழைப்புக்கு வழி என்று மட்டும் கருதலாகாது. எவர் முன்னும் தலைகுனியாமல் வாழும் துணிவும் அக்கைத்தொழிலோடு சேர்ந்து வளரும் என்பதற்கு அம்மையாரின் வாழ்வே சான்று.