ரசிகமணி டி. கே. சி.யும் வட்டத்தொட்டியும்

உலகில் பெருமக்கள் பலர் தோன்றி மறைந்திருக்கின்றனர். நாட்டை ஆண்டு புகழ் பெற்றோர் சிலர். போரில் வென்று புகழ் பெற்றோர் சிலர். நூல்கள் பல இயற்றிப் புகழ் பெற்றோர் சிலர். ஆனால், தம் வீட்டு முற்றத்தில் நண்பர்களை உட்கார வைத்து, அவர்களோடு தாமும் ஒருவராக உட்கார்ந்து, கவிதை படித்ததனாலேயே அழியாப் புகழ் எய்தியவர் ஒருவர் உண்டு. அவரே ரசிகமணி டி. கே. சிதம்பரநாத முதலியார் அவர்கள். தமிழுலகம் அவரை டி. கே. சி. என மூன்றெழுத்தில் அன்போடு அழைத்தது. நமது சங்கத்தின் இளைஞரும் பெரியோரும் ஒருங்கே அறிந்துகொள்ள வேண்டிய வாழ்க்கை அவருடையது என்று கருதியே இக்கட்டுரையை எழுதத் துணிந்தேன்.

டி. கே. சி. 1880ஆம் ஆண்டுகளின் தொடக்கத்தில் பிறந்தவர். தாமிரபரணி பாயும் திருநெல்வேலிச் சீமை அவருடைய குடும்பத்தின் ஊர். சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியில் பயின்று பட்டம் பெற்றார். மிஷன் பாடசாலையொன்றில் படித்து வந்த எனக்கு இச்செய்தி தனி மகிழ்ச்சி தருவது. ஆங்கிலக் கவிகளை நன்கு கற்ற அவர், அக்கல்வியைக் கொண்டு தம் தாய்மொழியை இகழவில்லை. மாறாக, பிறமொழிக் கவிதையைச் சுவைத்த நாவே தமிழ்க் கவிதையின் சுவையையும் நுணுகி அறிந்தது. அக்காலத்தில் ஆங்கிலம் கற்றோர் பலர் தமிழிற் பேசுவதையே தாழ்வாக எண்ணினர். அவர்களிடையே டி. கே. சி. தமிழிலேயே பேசினார், தமிழிலேயே கடிதம் எழுதினார், எல்லாப் பாடங்களையும் தமிழிலேயே கற்பிக்க இயலும், கற்பிக்கவும் வேண்டும் என்று வாதாடினார்.

கல்லூரிப் படிப்பின் பின்னர் அவர் சட்டம் பயின்றார். எனினும் வழக்கறிஞர் தொழிலில் அவர் மனம் பற்றவில்லை. கட்சிக்காரர்களின் பத்திரங்களை விடக் கம்பனின் பாட்டுக்களே அவர் கையில் அதிகம் இருந்தன. பொது வாழ்விலும் அவருக்குப் பங்கு இருந்தது. 1920களின் பிற்பகுதியில் சென்னை மாகாணச் சட்டசபையின் அங்கத்தவராக விளங்கினார். 1930களின் முற்பகுதியில் இந்து தேவஸ்தானங்களை மேற்பார்வை செய்த போர்டின் கமிஷனராகக் கடமை புரிந்தார். இவை யாவும் மதிப்பிற்குரிய பதவிகளே. ஆயினும் இன்று அவற்றை நினைவிற் கொள்வோர் மிகச் சிலர். நினைவில் நிற்பது அவருடைய வீட்டு முற்றமே!

திருநெல்வேலி வண்ணார்பேட்டையில் அவருடைய இல்லம் இருந்தது. அவ்வீட்டின் முற்றத்தில் வட்ட வடிவான தொட்டிக்கட்டு ஒன்று உண்டு. ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் நண்பர்கள் அங்கே வந்து கூடுவர். அந்த இடத்தின் பெயரே கூட்டத்தின் பெயராகி, வட்டத்தொட்டி என வழங்கலாயிற்று. மேடை இல்லை, மாலை இல்லை, வந்தனோபசாரம் இல்லை. வக்கீலும் வந்தார், ஆசிரியரும் வந்தார், அரசாங்க உத்தியோகத்தரும் வந்தார், படித்து முடித்து வேலைக்குக் காத்திருந்த இளைஞரும் வந்தார். வந்தவர்க்குச் சிற்றுண்டியும் காப்பியும் உண்டு. அந்த உபசாரத்தைப் பற்றி எழுதாத நண்பரே இல்லை எனலாம். வாரந்தோறும் அத்தனை பேருக்கும் அடுப்பங்கரையில் நின்று ஆக்கிப் படைத்த இல்லத்தரசியாருக்கும் மற்றையோருக்கும் அந்தப் புகழிற் சரிபாதி உரியதென்பதை நாம் மறத்தலாகாது.

அங்கே என்ன நடந்தது? ஒரு பாட்டு எடுத்துக்கொள்ளப்படும். அது கம்பராமாயணப் பாட்டாக இருக்கலாம், முத்தொள்ளாயிரமாக இருக்கலாம், குற்றாலக் குறவஞ்சியாக இருக்கலாம், பெயர் தெரியாத கவியின் தனிப்பாடலாகவும் இருக்கலாம். டி. கே. சி. அதை வாய்விட்டுப் படிப்பார். அவசரமின்றி, தாளம் விளங்க, சொற்களைப் பிரித்து நிறுத்திப் படிப்பார். ஒரு முறையன்று, இரு முறையன்று. கேட்போர் காதில் பாட்டின் நடை ஏறும் வரை படிப்பார். அதன் பின்னரே பொருளுக்கு வருவார். பாட்டில் வருபவர் யார், எந்த நிலையில் நிற்கிறார், எந்தக் குரலிற் பேசுகிறார் என்பதையெல்லாம் நாடகம்போல் கண்முன் கொண்டுவருவார். இலக்கண நூற்பாக்களையும் அகராதிப் பொருளையும் அடுக்கிக் கேட்போரை அச்சுறுத்த மாட்டார். ஒரு மாலை முழுவதும் நாலைந்து பாட்டுக்களே நடந்திருக்கும். ஆனால் வீடு திரும்பும் நண்பர் அந்த நாலைந்தையும் மனப்பாடமாகக் கொண்டு செல்வார். அதற்கென எவரும் அவரைப் பரீட்சை வைத்து வருத்தியதில்லை.

கவிதை கண்ணாற் பார்ப்பதற்கன்று, காதாற் கேட்பதற்கே உரியது என்பது அவர் கொள்கை. ஆகையாற்றான், பாட்டுக்களை அச்சிடும்போதும் சந்தி பிரித்து, எவரும் எளிதில் வாசிக்கும் வண்ணம் அச்சிட்டார். பண்டிதர் வீட்டுப் பரணில் இருந்த கவிதையைப் பாமரர் வீட்டுத் திண்ணைக்கு இறக்கி வைத்தவர் அவர் எனின் மிகையாகாது.

அந்த முற்றத்தில் அமர்ந்தவர் பலர் பின்னாளில் தாமே பெயர் பெற்றனர். தொ. மு. பாஸ்கரத் தொண்டைமான் அரசாங்க உத்தியோகத்தில் உயர்ந்தவர். தமிழ் நாட்டுக் கோயில்களை ஊர் ஊராகச் சென்று கண்டு வேங்கடம் முதல் குமரி வரை என்ற நூல் வரிசையை எழுதினார். நீதிபதி எஸ். மகராஜன் ஷேக்ஸ்பியரின் ஹாம்லெட், மாக்பெத், லியர் அரசன் ஆகிய நாடகங்களைத் தமிழாக்கினார். ஆங்கிலப் பேராசிரியரான அ. சீனிவாசராகவன் தமிழிலே கவி பாடினார். அவருடைய வெள்ளைப் பறவை 1968ஆம் ஆண்டு சாகித்திய அக்காதெமிப் பரிசு பெற்றது. நாஞ்சில் நாட்டுக் கவிமணி தேசிக விநாயகம் பிள்ளை, மூதறிஞர் ராஜாஜி, எழுத்தாளர் கல்கி ஆகியோர் டி. கே. சி.யின் நெருங்கிய நண்பராயினர். கல்கி தம் பத்திரிகையில் அவரைக் கம்பனைப் பற்றித் தொடர்ந்து எழுதச் செய்தார். முற்றத்திற் சிலர் கேட்ட குரல் அதனால் பல்லாயிரவர் வீடுகளிற் கேட்டது. 1940களில் எழுந்த தமிழிசை இயக்கத்திலும் இந்த நண்பர்கள் தோளோடு தோள் நின்று உழைத்தனர். இதய ஒலி, கம்பர் யார், அற்புத ரஸம் முதலிய நூல்களும் அவர் எழுத்தினின்று வெளிவந்தன.

பெரியாரின் வரலாறு எழுதுவோர் குறைகளை மறைத்தல் தகாது. கம்பராமாயணம் ஏறத்தாழப் பதினாயிரம் பாட்டுக்கள் கொண்டது. அதில் மிகப் பல பிற்காலத்தார் நுழைத்த இடைச்செருகல்கள் என டி. கே. சி. முடிவு செய்தார். தம் காதுக்கும் இதயத்துக்கும் ஒவ்வாதவற்றை விலக்கினார். சில இடங்களிற் சொற்களையும் மாற்றினார். ஏட்டுச் சுவடிகளை ஒப்பு நோக்கிப் பாடம் காணும் அறிஞர்கள் இதனைக் கடுமையாகக் கண்டித்தனர். ஒருவருடைய சுவை எத்துணை நுட்பமானதாயினும், அது சுவடியின் சான்றுக்கு ஈடாகாது என்பது அவர்கள் வாதம். அவ்வாதம் நியாயமானதே என்று நானும் எண்ணுகிறேன். ஆயினும், அறிஞர் காத்துத் தந்த பாட்டை மக்கள் நாவில் ஏற்றுவதற்கு ஒருவர் வேண்டுமன்றோ? அப்பணியைச் செய்தவர் டி. கே. சி. பதிப்பாசிரியராக அவரை ஏற்காதவரும் ரசிகராக அவரை ஏற்றே தீர வேண்டும்.

அவர் வாழ்வில் பெருந்துயரும் நேர்ந்தது. அருமை மைந்தர் தீத்தாரப்பன் இளமையிலேயே காலமானார். தந்தையின் இலக்கியச் சுவையைத் தாமும் பெற்றிருந்த மகன் அவர். கவிமணி இரங்கற்பா எழுதி அனுப்பினார். மகனை இழந்த அந்தத் தந்தை அச்செய்யுளில் ஆறுதல் கண்டார். கவிதை பொழுதுபோக்கு என்று எண்ணுவோர் இதனைச் சிந்திக்க வேண்டும். இன்பமான மாலைகளில் பழகிய பாட்டு, துன்பம் வந்த இரவில் கைகொடுத்தது.

பிற்காலத்தில் டி. கே. சி. குற்றாலத்தில் வாழ்ந்தார். அருவியாடச் சென்றோர் அவரையும் கண்டு, கவியருவியிலும் ஆடித் திரும்பினர். நேரில் வர இயலாத நண்பர்க்குக் கடிதங்கள் எழுதினார். அக்கடிதங்கள் பின்னர் நூலுருப் பெற்றன. 1954ஆம் ஆண்டு பெப்ரவரி 16ஆம் திகதி அவர் மறைந்தார். அதே ஆண்டு செப்டெம்பரில் கவிமணியும், டிசம்பரில் கல்கியும் மறைந்தனர். ஒரே ஆண்டில் மூன்று நண்பரையும் தமிழுலகம் இழந்தது.

நண்பர் சிலர் கூடிப் படிக்கும் வழக்கம் பிற நாடுகளிலும் பெரும் பயன் விளைத்திருக்கின்றது. அமெரிக்காவில் பெஞ்சமின் பிராங்க்ளின் 1727ஆம் ஆண்டு, தம் போன்ற தொழிலாளரும் சிறு வணிகருமான நண்பர் சிலரைச் சேர்த்து வெள்ளிக்கிழமை தோறும் கூடினார். புத்தகம் வாங்கப் பணம் போதாமையால், பலரும் பங்கு போட்டு வாங்கும் யோசனை பிறந்தது. அதுவே 1731ஆம் ஆண்டு ஒரு நூலகமாக மலர்ந்தது.

அன்பார்ந்த வாலிபர்களே! இவ்வரலாற்றை நான் ஏன் இங்கு எழுதினேன்? நாம் சப்பிரகமுவாவின் தோட்டங்களிற் பிறந்தவர்கள். நமக்கு வண்ணார்பேட்டை மாளிகை இல்லை. லயத்துக் காம்பராவும் அதன் முன்னே ஓர் இஸ்தோப்பும் உண்டு. ஆனால் வட்டத்தொட்டி நமக்குப் புதியதன்று. என் பாட்டனார் குப்பிலாம்பின் வெளிச்சத்தில் பெரிய எழுத்துப் புத்தகம் வைத்து பாரதக் கதை படிப்பாராம். படிப்பவர் ஒருவர், கேட்பவர் இருபது பேர். கேட்டவர்களிற் பெரும்பாலோர் கையெழுத்துப் போடத் தெரியாதவர்கள். ஆனாலும், படிப்பவர் ஓரடி தவறவிட்டால் திருத்துவார்களாம்! விடியற்காலை பெரட்டுக்குப் போக வேண்டியவர்கள் நள்ளிரவு வரை எழுந்து போகமாட்டார்களாம். 1964ஆம் ஆண்டின் சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தத்தின் பின் அவர்களிற் பலர் குடும்பத்தோடு கப்பலேறினர். கேட்பவர் குறைந்தனர், படிப்பும் நின்றது. அந்தப் புத்தகம் இன்றும் எங்கள் வீட்டுத் தகரப்பெட்டியில், அட்டையிழந்து கிடக்கின்றது.

சென்ற விடுமுறையில் நண்பர் ஐவர் சேர்ந்து வாரம் ஒரு வீட்டிற் கூடிப் படிக்கத் தொடங்கினோம். மூன்றாம் வாரமே அது நின்றுவிட்டது. பிழை எம்முடையதே. ஒவ்வொருவரும் கைத்தொலைபேசியிற் பார்த்து வந்ததைச் சொற்பொழிவாக முழங்கினோம். எவரும் எவரையும் கேட்கவில்லை. சர்வகலாசாலை மாணவர் என்ற செருக்கும் எமக்கு இருந்தது. இடம் தந்த வீட்டுத் தாயார், கொழுந்து பறித்துக் களைத்து வந்தவர், தேநீர் தந்துவிட்டு ஒரு மூலையில் அமர்ந்திருந்தார். அவருக்கு ஒரு சொல்லும் விளங்கவில்லை. அவருக்கு விளங்க வேண்டுமென்று நாம் எண்ணவுமில்லை. டி. கே. சி.யின் வரலாற்றைப் படித்தபோதுதான் எம் தவறு எனக்குத் தெளிவாயிற்று. நாம் கூட்டம் நடத்தினோம். அவர் பாட்டைப் படித்தார்.

எனவே மீண்டும் தொடங்க எண்ணியுள்ளோம். ஞாயிறு மாலை, ஒரு வீடு, ஒரு புத்தகம், ஒருவர் குரல், அவ்வளவே. முதற் புத்தகம் அந்தத் தகரப்பெட்டியில் உள்ளதேயாகும். சங்கத்துப் பெரியோர்களிடம் ஒரு விண்ணப்பம். பாரதக் கதையும் பொன்னர் சங்கர் கதையும் காமன் கூத்துப் பாட்டும் இன்னும் உங்கள் காதிலே இருக்கின்றன. எழுத்தறியாதவர் என்று நாணி ஒதுங்காதீர்கள். நாம் படிக்கும்போது அருகில் அமர்ந்து, ஓரடி தவறினால் திருத்துங்கள். அந்தக் காது உங்களோடு மறைந்துவிட்டால், அதை எந்த நூலகத்திலும் நாம் தேடிப் பெற முடியாது.

வாழ்க ரசிகமணியின் நாமம்! வளர்க நம் லயங்களில் வட்டத்தொட்டிகள்!