உறவும் உண்மையும்: சாமுவேல் பற்லர்

தன் வீட்டிற் கண்டதையும் பட்டதையும் கதையாக்கப் புகும் ஆசிரியன் இருதலைக் கொள்ளி எறும்பாகின்றான். உண்மையை மறைத்தால் கதை உயிரிழக்கும். உரைத்தால் பெற்றோரும் உடன்பிறந்தாரும் ஊரார் முன் நாணுவர். இவ்விடர்ப்பாட்டை நெடுங்காலம் நெஞ்சிற் சுமந்து வாழ்ந்தவர் ஆங்கில நாவலாசிரியர் சாமுவேல் பற்லர்.

அவர் 1835ஆம் ஆண்டு டிசெம்பர் 4ஆந் திகதி, நொற்றிங்காம் பகுதியிலுள்ள லங்கார் என்னும் சிற்றூரிற் பிறந்தார். பாட்டனார் சுரூஸ்பரிப் பாடசாலையின் புகழ்பெற்ற தலைமையாசிரியராயிருந்து, பின்னர் லிச்பீல்ட் மேற்றிராணியாரானவர். தந்தையார் தோமஸ் பற்லர் லங்காரின் குருவானவர். கண்டிப்பே அன்பெனக் கருதிய அவரிடம் மைந்தர் இலத்தீனோடு பிரம்படியும் பெற்றார்.

1858இல் கேம்பிறிட்ஜிற் பட்டம் பெற்ற மகனும் குருத்துவம் ஏற்றல் வேண்டுமெனத் தந்தையார் விழைந்தார். குழந்தைகளுக்கு அளிக்கும் ஞானஸ்நானத்தின் பயனில் ஐயங்கொண்ட மகன் இசைந்திலர். பிணக்கு முற்றியது. 1859இல் நியூசீலாந்துக்குக் கப்பலேறிச் செம்மறி வளர்த்தார். தந்தையார் உதவிய முதலை ஏறத்தாழ இருமடங்காக்கிக் கொண்டு 1864இல் இலண்டன் மீண்டார்.

1872இல், தம் பெயர் குறியாது, ‘எரெவொன்’ என்னும் நூலை வெளியிட்டார். அது நாட்டு வழக்கங்களையும் சமய நடைமுறைகளையும் எள்ளி நகையாடியது. பெற்றோர் மனம் புண்பட்டனர். மறு ஆண்டில் தாயார் மறைந்தார். அதே 1873இலேதான் பற்லர் தம் குடும்பத்தையே பொருளாகக் கொண்ட நாவலை எழுதத் தொடங்கினார். மாந்தர் யாவரும் செல்லும் வழி என்னும் பொருள்படும் தலைப்பினையுடையது அது.

அந்நாவலில் வரும் குருவானவர் தியோபோல்ட், அவர் மனைவி கிறிஸ்ரினா, மகன் ஏர்ணஸ்ற் என்போர் யாவரென்பதை அக்குடும்பத்தை அறிந்தோர் எளிதில் உணர்வர். தாம் இறக்க நேரின் மைந்தர் இருவரிடமும் சேர்க்குமாறு தாயார் எழுதிவைத்த கடிதமொன்றுண்டு. அதனைப் பெரும்பாலும் மாற்றமின்றிக் கிறிஸ்ரினாவின் கடிதமாக்கினார் பற்லர். பெற்ற தாயின் அந்தரங்க மொழி கதைப்பொருளாயிற்று. ஓவியப் பள்ளியில் நண்பரான செல்வி சவேஜ் என்னும் அறிவுசால் பெண்மணி, கையெழுத்துப் பிரதியைப் பகுதி பகுதியாகப் படித்துத் திருத்தங் கூறிவந்தார். 1884 வரையில் எழுத்து நடந்தது. அடுத்த ஆண்டு சவேஜ் மறைந்தார்; பற்லர் பிரதியை மூடிவைத்தார்.

தந்தையார் உயிரோடிருக்கையில் அதனை அச்சேற்ற அவர் துணிந்திலர். அதற்குக் காரணம் பாசம் மட்டுமே எனல் பொருந்தாது. முதலீடுகளிற் பொருளிழந்து தந்தையாரின் பண உதவியை எதிர்நோக்கியிருந்த நிலையும் நினைக்கத்தக்கது. ஆயினும் 1886இல் தந்தையார் இறந்து, பொருட்கவலை நீங்கிய பின்னரும் பிரதி பேழையிலேயே கிடந்தது. கதையிற் சகோதரியும் நல்லவளாகக் காட்டப்படவில்லை. அவருடைய சகோதரியர் இருவரும் வாழ்ந்துகொண்டிருந்தனர்.

இக்காலத்தில் ஓர் அரிய மாற்றம் நிகழ்ந்தது. பாட்டனாரின் கடிதங்கள் அவர் கைக்கு வந்தன. அவற்றை ஆழ்ந்து படித்த பற்லர், தாம் முன்னர் மதியாதிருந்த அப்பெரியவர்மீது பேரன்பு கொண்டார். 1896இல் அவர் வரலாற்றை இரு பாகங்களாக வெளியிட்டார். தந்தையாரின் உள்ளத்தைத் திறந்து காட்ட அத்தகைய கடிதக்கட்டு கிடைத்திருப்பின், தியோபோல்ட் என்னும் பாத்திரம் வேறு வண்ணம் பெற்றிருக்குமோ என எண்ணத் தோன்றுகின்றது. மகனுக்கு முதல் கொடுத்த தந்தையாரும் மெய்யானவரே. பிரம்பெடுத்த தந்தையாரும் மெய்யானவரே.

1902 யூன் 18ஆந் திகதி பற்லர் காலமானார். நாவலை உள்ளவாறே வெளியிடுமாறு மரணப் படுக்கையில் நண்பர் ஸ்றீற்பீல்டிடம் தம் விருப்பத்தை உணர்த்தினார். 1903இல் நூல் வெளிவந்தபோது சகோதரியர் இருவரும் உயிரோடிருந்தனர். பெற்றோரைத் தாக்காத அம்பு அவர்களைத் தைத்தது. பின்னர் பேர்னாட் ஷா ‘மேஜர் பார்பறா’ நாடகத்தின் முன்னுரையிற் பற்லரைப் போற்றவே, நூலின் புகழ் பெருகிற்று. பெற்றோரின் அதிகாரத்தை வினவிய நூலாக இருபதாம் நூற்றாண்டின் இளைஞர் அதனை ஏற்றனர்.

பற்லர் உண்மையை எரித்தாரல்லர், உறவினர் முகத்தில் எறிந்தாருமல்லர், காலத்திடம் ஒப்படைத்தார். அக்காலமும் எல்லாரையும் காத்திலது. வாய்மையைத் தீங்கு பயவாமையோடு பிணைத்துக் காட்டியவர் வள்ளுவர். அந்நெறியில் நிறுத்துப் பார்ப்பின், பற்லரின் நூலுக்குப் புகழும் குறையும் ஒருங்கே உரியன. பிள்ளைகள் வீட்டிலே படும் துன்பத்தை மறையாது காட்டியது அதன் பெருமை. எதிர்வழக்குரைக்க இயலாதார்மேல் தீர்ப்பளித்தது அதன் குறை. தம் இல்லத்தைக் கதையாக்க விழையும் இளம் எழுத்தாளர் காலம் தாழ்த்தினாற் போதாது. தம்மை வருத்தியோரின் பக்கத்திலும் நின்று ஒருமுறை பார்த்தல் வேண்டும். அங்ஙனம் பார்த்த பின்னரும் எழுதாதிருக்க முடியாதது எதுவோ, அதுவே எழுதத்தக்க உண்மை.