சீனாவுக்குச் சிறகு கொடுத்த ரஷ்யர்

சைபீரியாவில் உள்ள இர்குட்ஸ்க் நகரில் 1909-ம் ஆண்டு பிறந்தார், மிகைல் மில். 12 வயதிலேயே மாதிரி விமானம் செய்து, போட்டியில் பரிசு வாங்கினார். வளர்ந்து ஹெலிகாப்டர் நிபுணர் ஆனார்.

1952-ல் இவர் அமைத்த "மி-4" ஹெலிகாப்டர் பறந்தது. "மி" என்பது இவர் பெயரின் முதல் எழுத்து!

அதன் வரைபடங்களை, நட்பு நாடான சீனாவுக்கு ரஷ்யா கொடுத்தது. அவற்றைக் கொண்டு ஹார்பின் நகரில் சீனர்கள் "இசட்-5" என்ற ராணுவ ஹெலிகாப்டரைச் செய்தார்கள். 1958 டிசம்பரில் அது பறந்தது.

பிறகு நட்பு முறிந்தது. 1960-ல் ரஷ்யா தன் நிபுணர்களைத் திரும்ப அழைத்துக்கொண்டது. 1969-ல் இரு நாட்டுப் படைகளும் எல்லையில் மோதின. நண்பனுக்குக் கொடுத்த சிறகு, பகைவனுடையது ஆகிவிட்டது!

1970-ல் மில் காலமானார். அதன் பிறகும் பல ஆண்டுகள், ஹார்பினில் "இசட்-5" தயாராகிக்கொண்டே இருந்தது.