'தான்' ஆய்ந்த தமிழ்த் தொண்டர்

தமிழ் வடமொழியின் கிளையே என்று பலரும் எண்ணியிருந்த காலத்தில், அவ்வெண்ணத்தைத் தகர்த்த பெருமகனார் இராபர்ட் கால்டுவெல். 1814ஆம் ஆண்டு அயர்லாந்தில் பிறந்த இவர், சமயப் பணிக்காக 1838இல் சென்னை வந்தார். நெல்லைச் சீமைவரை நடந்தே சென்று, 1841 முதல் இடையன்குடியைத் தம் ஊராக்கிக்கொண்டார்.

1816இல் எல்லிஸ் கோடிட்டுக் காட்டிய உண்மையைக் கால்டுவெல் 1856இல் வெளியிட்ட திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தால் நிலைநாட்டினார். அந்நூலில் 'தான்' என்னும் தற்சுட்டுப் பெயரையும் ஆராய்ந்தார். தமிழிலும் மலையாளத்திலும் 'தான்', தெலுங்கிலும் கன்னடத்திலும் 'தானு' என அச்சொல் ஒத்து நிற்பது, இவை ஒரு குடும்ப மொழிகள் என்பதற்குச் சான்றன்றோ?

இவ்வொப்பியல் நோக்கு ஆங்கிலம் பயில்வோர்க்கும் உதவும். அவனுக்கும் அவளுக்கும் தமிழில் ஒரே 'தான்'. ஆங்கிலத்திலோ 'ஹிம்செல்ஃப்', 'ஹெர்செல்ஃப்' என வேறுபடும். 'தான் வருவதாகச் சொன்னான்' என்பதில் 'தான்' எழுவாய். ஆங்கிலத்தில் 'செல்ஃப்' சொற்கள் தனித்து எழுவாயாகா. எனவே கும்மிடிப்பூண்டித் தொழிற்சாலைகளின் நேர்முகத் தேர்வுக்குச் செல்லும் நண்பர்கள் 'மைசெல்ஃப் முருகன்' என்னாது, 'ஐ ஆம் முருகன்' என்று தொடங்குதல் நலம்.

1877இல் பேராயரான கால்டுவெல், 1891இல் கொடைக்கானலில் மறைந்து இடையன்குடியில் அடக்கமானார். அயல்மொழியாம் தமிழை அவர் கற்ற ஊக்கத்தோடு நாமும் ஆங்கிலத்தைக் கற்போமாக!